பஸ்ஸில் மட்டும் பார்த்தவன்

எழுபதுகளின் நடுவில், கடற்கரைச் சாலையில் இருந்த ஒரு கப்பல் ஏஜென்சியில் நான் டைப்பிஸ்ட். எங்கள் தெருவிலிருந்து ஆபீஸ் வேலைக்குப் போன பெண் அப்போது நான் ஒருத்திதான். அதனால் தினமும் நான் வாசல்படி இறங்கும்போது அம்மா ஜெபம் சொல்வதுபோல் ஒன்றைச் சொல்வாள்.

"ஏளா, தரையப் பாத்துப் போ. எவன் மூஞ்சியயும் பாக்காத."

தரையைப் பார்த்தே போனேன். ஊர் ஆண்களின் செருப்புகள் எனக்கு மனப்பாடம் ஆயின. செருப்புக்கு மேலே இருந்தவர்கள் என்னைப் பார்க்க எந்தத் தடையும் இல்லை. கடை வாசலில், கோயில் வாசலில், பஸ் நிறுத்தத்தில், சந்தையில் கருவாடு பார்ப்பதுபோல் நிதானமாகப் பார்ப்பார்கள்.

டவுன் பஸ்ஸில் வந்த ஒருவன் அவர்களில் தேர்ந்தவன். டெரிலின் சட்டை, காலருக்குள் கைக்குட்டை, பவுடர் பூசிய கழுத்து. பஸ்ஸில் எல்லாரும் முன்னால் பார்த்து நிற்பார்கள். இவன் மட்டும் டிரைவர் பக்கத்தில் எஞ்சின் பெட்டியில் சாய்ந்து, போகிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பெண்கள் சீட்டைப் பார்த்து நிற்பான். உப்புக் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா என்று பின்னால் தெரிந்தது. நான் ஏறியதிலிருந்து இறங்கும்வரை அவன் கண் என்மேல்தான். நான் குனிந்த தலையோடு சேலைத் தலைப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொள்வேன்.

ஒருநாள் ஆபீசுக்கு ஒரு வெளிநாட்டுக் கப்பல் கேப்டன் வந்தார். நேராக என் கண்ணைப் பார்த்து, "குட் மார்னிங்" என்றார். நான் டைப் அடித்திருந்த சரக்குப் பத்திரத்தை வாங்கினார், நன்றி சொன்னார், போய்விட்டார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்து மேசையில் இருந்த ஹெட் கிளார்க்குக்குத்தான் பொறுக்கவில்லை.

"வெள்ளக்காரனுவ அப்படித்தாம்மா பாப்பானுவ. நாமதான் தலயக் குனிஞ்சுக்கிடணும்" என்றார். இதைச் சொல்லும்போது அவர் கண் என் முகத்தில் இல்லை. அது இருந்த இடத்தை எழுத இன்றும் அருவருப்பாக இருக்கிறது.

மறுநாள் காலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் தலையை நிமிர்த்தி, எஞ்சின் பெட்டிக்காரனின் கண்ணை நேராகப் பார்த்தேன். முதலில் அவன் சிரித்தான், முடியைக் கோதிக்கொண்டான். நான் சிரிக்கவும் இல்லை, பார்வையை எடுக்கவும் இல்லை. அவன் ஜன்னலைப் பார்த்தான். திரும்பினான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கைக்குட்டையை உருவி முகத்தைத் துடைத்தான். டிரைவரிடம் ஏதோ கேட்டான். வழக்கமாக இறங்கும் இடத்துக்கு முன்பே இறங்கி வெயிலில் நடந்து போனான். இவ்வளவுதானா இவன், இவனுக்குப் பயந்தா இத்தனை நாள் கழுத்து வலிக்கக் குனிந்து வந்தோம் என்று எனக்கு ஆத்திரமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சேலைகூட மாற்றவில்லை, அவன் தன் அம்மாவோடும் தாய்மாமனோடும் எங்கள் வீட்டு வாசலில் நின்றான். கொழும்புக்குச் சரக்குத் தோணி ஓட்டும் தண்டலான என் அப்பா, அதிசயமாக அன்று கரையில் இருந்தார்.

"அண்ணாச்சி, எங்க பயலுக்கும் உங்க மவளுக்கும் பஸ்ஸுல பாத்துப் பிடிச்சுப்போச்சு. உங்க மவதான் மொதல்ல பாத்துச்சாம்" என்றார் தாய்மாமன்.

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டாள். நான் வாய்க்கு வந்ததைக் கேட்பதற்குள் என் கையில் டீயும் மக்ரூனும் இருந்த தட்டைத் திணித்து அனுப்பினாள். தட்டை வைத்துவிட்டு எதிரே நின்றேன்.

"நல்லாப் பாத்துக்கோலே" என்றாள் அவன் அம்மா.

அவன் மக்ரூனைப் பார்த்தான். தன் கால் விரலைப் பார்த்தான். சுவரில் இருந்த மாதா படத்தைக்கூடப் பார்த்தான். காது சிவந்து வேர்த்ததே தவிர, என் பக்கம் திரும்பவே இல்லை.

"பஸ்ஸுல தினமும் பாத்தீங்கள்லா? இங்கன பாக்குறதுக்கு என்ன? பாருங்க" என்றேன்.

அவன் மக்ரூன் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"இப்படி வாயாடுத பிள்ள எங்க குடும்பத்துக்கு ஆவாது" என்றாள் அவன் அம்மா.

அப்பா அவளைக் கவனிக்கவில்லை. "தம்பி, எம் மவளத் தினமும் பாத்தியளோ?" என்று அவனைக் கேட்டார்.

"அவங்கதான் பாத்தாங்க, மாமா" என்றான் அவன், தரையிடம்.

"மாமாவா?" அப்பா எழுந்தார். "டீயக் குடிச்சிட்டுக் கெளம்புங்க."

டீயைக் குடித்தார்கள். அவமானப்பட்டவர்கள் குடிக்காமல் போவார்கள் என்று நினைத்திருந்தேன். தாய்மாமன் தட்டில் மீதி இருந்த இரண்டு மக்ரூனையும் தின்றுவிட்டுத்தான் எழுந்தார்.

அந்த வாரமே ஊரில் கதை சுற்றியது. நான் பஸ்ஸில் கண்ணடித்தேனாம். வீட்டுக்குக் கூப்பிட்டேனாம். பிறகு வேறொருவனுக்காகத் துரத்திவிட்டேனாம். என் கண்ணைப் பார்க்க முடியாதவன் இத்தனையையும் எல்லார் முகத்தையும் பார்த்துச் சொல்லியிருக்கிறான். கேட்டவர்களில் ஒருவருக்கும், அவன் ஏன் தினமும் பெண்கள் சீட்டைப் பார்த்து நின்றான் என்று கேட்கத் தோன்றவில்லை. எனக்கு வந்துகொண்டிருந்த சம்பந்தங்கள் நின்றன. அம்மா அழுதாள். அவளுக்காக மட்டும் எனக்கு வருத்தமாக இருந்தது.

"வேலய விட்டுரச் சொல்லுங்க அவள" என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா தோணிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தப் பயலப் போயி வேலய விடச் சொல்லு" என்றார்.

நான் வேலையை விடவில்லை. அதே பஸ்ஸில்தான் போனேன். எஞ்சின் பெட்டிப் பக்கம் கொஞ்ச நாள் காலியாக இருந்தது. பிறகு அங்கே வேறொருவன் வந்து சாய்ந்தான்.