ரங்கூன்காரரின் மணி

ஒரு கை மட்டும் தைத்த சட்டையை மிஷினிலேயே போட்டுவிட்டு அடைக்கலராஜ் ஓடுகிறார். திண்டிவனம் கடைத்தெருவில் யாரும் பதறுவதில்லை. எங்கள் கிறிஸ்தவப் பங்கில் யாரோ இறந்துவிட்டார்கள், கோயிலில் துக்க மணி அடிக்கப் போகிறார், அவ்வளவுதான். சட்டைக்குச் சொந்தக்காரர் கத்தினால், ஓட்டத்திலேயே பதில் வரும்: "சட்ட காத்துக்கினு இருக்கும்ங்க. செத்தவரு காத்துக்கினு இருப்பாரா?"

கிறிஸ்துமஸ் சட்டையைப் பொங்கலுக்குப் போட்டவன் நான். என்னிடம் கேளுங்கள்.

யுத்தத்தில் பர்மாவிலிருந்து வந்த குடும்பம். இருபது வருஷமாகியும் ஊருக்கு அவர் 'ரங்கூன்காரர்'தான். கழுத்தில் அளவு நாடாவும் ஜெபமாலையும் சேர்ந்தே தொங்கும். இரண்டும் பின்னிக்கொண்டால் ஜெபமாலையை முத்தமிட்டு நாடாவைத் திட்டுவார். மனைவி லூர்துமேரி பீடத் துணிகளுக்குக் கஞ்சி போடும் நாளில் அந்த வீட்டுப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. தூசி பறந்தால் நம்மைத்தான் முறைப்பார்.

இந்த ஊரில் வந்து இறங்கிய அன்றே ரயிலடியில் அடைக்கலராஜின் அப்பா சூசைமுத்து இறந்துபோனார். பங்கைச் சேராதவருக்கு மணி கிடையாது என்று சொல்லிவிட்டார் கோயில் நாட்டாண்மை அருள்நாதன். அதுதான் அப்போதைய வழக்கம். மணியில்லாமலே அடக்கம் நடந்தது. சில மாதம் கழித்து அதே கோயிலுக்கு மணியடிக்க ஆள் தேவைப்பட்டபோது முதலில் போய் நின்றவர் இவர். நானாக இருந்தால் அந்தத் தெருப்பக்கமே போயிருக்க மாட்டேன்.

அதன்பின் திக்கற்றவர் யார் இறந்தாலும், புருஷன் கோடித் துணி தைக்க, இருவருமாக ஜெபமாலை சொல்லிக்கொண்டு கல்லறை வரை நடப்பார்கள். பங்கைச் சேராதவர்கள் என்பதால் மணி மட்டும் அடிக்க முடியாது. "யாரும் மணி இல்லாம போவக் கூடாதுங்க சாமி" என்று, மாறி வந்த ஒவ்வொரு பங்குச் சாமியாரிடமும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

இந்தக் கல்லறைத் திருநாளில் அது கிடைத்தது. திக்கற்றவர்களின் அடக்கத்துக்கென்று பங்கு மக்கள் ஒரு தர்ம நிதி தொடங்கினார்கள். சவப்பெட்டி, மெழுகுவர்த்தி, இனிமேல் துக்க மணியும் உண்டு. 'அடைக்கலராஜ் குடும்ப தர்ம நிதி' என்று சாமியார் பெயரை வாசித்ததும் இவர் நெளிந்தார். "எங்க பேரு இன்னாத்துக்குங்க சாமி?" எனக்கோ, எங்கள் ஊரை நினைத்து நெஞ்சு நிமிர்ந்தது.

வழக்கம்போல் கயிற்றைப் பிடிக்கப் போனவரை வயதான அருள்நாதன் தடுத்தார்.

"வெளிய நில்லுங்க அடைக்கலம். மொத மணி உங்க அப்பாருக்கு. நான் அடிக்கிறேன்."

மணி ஒலித்தது. முற்றத்தில் லூர்துமேரிக்குப் பக்கத்தில் நின்ற அடைக்கலராஜின் இரண்டு கைகளும், கயிறு இல்லாமலே, ஒவ்வொரு அடிக்கும் மேலே போய்க் கீழே வந்துகொண்டிருந்தன.