நம்மட கெமரா

கல்முனைக் கடையில் இருந்த புதுக் கெமரா என் சம்பளத்துக்குள் அடங்கியது. ஆனால் விளையாட்டுச் சாமான் போல முழுக்கப் பிளாஸ்டிக். அதே விலைக்குத் தங்கையின் கணவர், சவூதியில் தான் பாவித்த கனமான ஜப்பான் கெமராவைத் தருவதாகச் சொன்னார். பாவித்ததையே வாங்கினேன்.

காசை வாங்கியவர் கெமராவை விற்றதாக நினைக்கவேயில்லை. சொந்தத்தில் எந்தக் கலியாணம் என்றாலும் வாசலுக்கு வந்துவிடுவார்.

"நம்மட கெமராவ ஒருக்காத் தாங்க மச்சான், பின்னேரம் கொண்டு வாறன்."

தங்கையின் மாப்பிள்ளைக்கு இல்லை என்று சொன்னால் உம்மாவின் முகம் கறுத்துவிடும். கொடுப்பேன். அவருடைய பின்னேரம் அடுத்த வெள்ளிக்கிழமைதான் வரும். நான் போட்டுவைத்த பிலிமும் முடிந்திருக்கும்.

என் மகனின் சுன்னத்துக் கலியாணத்தன்றும் கெமரா அவரிடம்தான் இருந்தது. நானே போய்க் கேட்டேன்.

"அது சாய்ந்தமருதுல ஒரு கலியாணத்துக்குப் போயிருக்கு மச்சான். நீங்க அண்டைக்கே கடையில புதுசொண்டு வாங்கியிருக்கலாமே."