கல்யாணத்துக்கு முந்தின நாள் ஒரு ஆயில் சீல்

பாவா மகள் கல்யாணம் மலைக்கோயிலில். பொண்ணை மேலே அழைத்துப் போவது என் வேன்தான் என்று கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதம் வாங்கியிருந்தேன். பாவா என் மனைவியின் அண்ணன். "உன்ன நம்பி ஒரு டீ கூட சொல்ல முடியாது மாப்ள" என்று என்னைப் பற்றி ஊரெல்லாம் சொல்கிறவர். அந்தப் பேரை ஒரே காலையில் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன்.

முந்தின நாள் பார்த்தால், பின்சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய் வழிந்திருக்கிறது. பைபாஸ் ஓரம் ஷெட் வைத்திருக்கும் பாயிடம் ஓடினேன். சக்கரத்தையும் டிரம்மையும் கழற்றி, ஆக்சிலை உருவிப் போட்டார். பிரேக் லைனிங் பஜ்ஜி மாதிரி எண்ணெயில் ஊறிக் கிடந்தது.

"மேல ஏறிடுவ நைனா. எறங்கறதுதான் முருகன் கையில."

மாலையும் கழுத்துமாகப் பொண்ணும் மாப்பிள்ளையும் மலைப்பாதையில் நிற்காமல் இறங்கிவருவதை நினைத்துப் பார்த்தேன். டீக்கடைக்காரர்கள் ஊர்வலம் என்று ஒதுங்கி வழிவிடுவார்கள்.

ஆக்சில் குழாயின் வாயில் வளையம் போல உட்கார்ந்திருந்தது, எண்ணெய் கசியாமல் அடைக்க வேண்டிய பழைய ஆயில் சீல். அதை எடுத்துவிட்டுப் புதுசு அடித்தால் தீர்ந்தது. பாய் கொக்கி போட்டு இழுத்தார். டீசல் ஊற்றி ஊற வைத்தார். லிவர் கொடுத்து நெம்பினார், லிவர்தான் வளைந்தது.

நானும் உதவினேன். என் உதவி, குனிந்து குனிந்து "வருதா பாய்?" என்று கேட்பது.

"புள்ளத்தாச்சியா இது, வருதா வருதான்னு கேட்டுகினு கீற? அந்தாண்ட தள்ளுய்யா, வெளிச்சத்த மறைக்கிற."

தள்ளி நின்று மலையைப் பார்த்து வேண்டிக்கொண்டேன். சீல் வந்தால் தேங்காய் உடைக்கிறேன். வரவில்லை. மொட்டை அடித்துக்கொள்கிறேன். என் தலையில் மிச்சமிருப்பது காதோரம் மட்டும்தான் என்று முருகனுக்கும் தெரியும் போல, அதற்கும் வரவில்லை. பாவாவுக்கும் சேர்த்து மொட்டை என்றேன், அவருக்கு நல்ல அடர்த்தி. அப்போது பாய் சீலின் தகட்டில் துளை போட்டு, ஸ்குரூ ஏற்றி, கட்டிங் பிளேயரால் பிடித்து இழுத்தார். டப்பென்று அவர் மடியில் வந்து விழுந்தது.

ஷெட் வாசலில் நின்று ஆடினேன். பாய் ஆடவில்லை. சீல் இருந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"எவனோ பேஸ்ட் போட்டு ஒட்டிகீறான் நைனா. அதான் வரல. குழாயே தேஞ்சி பள்ளமா கீது. புதுசு நிக்காது."

புது சீலை விரலால் வைத்தார். விரலோடு திரும்பி வந்தது.

"அதே பேஸ்ட்ட போட்டு ஒட்டேன் பாய். ஒரு நாளைக்குதானே."

"உள்ள பொண்ணு ஒக்காரும்ல?"

"ஆங்."

"அப்பறம் கேக்கறியே. குழாயயே மாத்தணும். மெட்ராஸ்லதான் கெடைக்கும். நாளைக்கு ஆவாது."

பாவாவுக்குப் போன் போட்டேன். பக்கத்துத் தெருவில் இருக்கிறவரிடம், அங்கே வெயில் எப்படி என்று விசாரித்தேன். பிறகு சீல், பேஸ்ட், பள்ளம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டு, திட்டு விழும் என்று போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன்.

"பரவால்ல மாப்ள. ஆர்.கே.பேட்டைல ஒரு வேன் போன வாரமே சொல்லி வச்சிட்டேன். நீ குளிச்சிட்டு நேரத்தோட வந்து ஏறிக்கோ."

திட்டியிருக்கலாம்.

"என்னா சொன்னாரு?" என்றார் பாய்.

"வேற வேன் கீதாம்."

"அப்ப நல்லதாப் போச்சு." புது சீலைக் கவரில் போட்டு என் கையில் கொடுத்தார்.

மறுநாள் அந்த வேனில் எனக்குக் கடைசி சீட் கிடைத்தது. மலையிறக்கத்தில் டிரைவர் மிதித்தபோதெல்லாம் பிரேக் நன்றாகப் பிடித்தது.