முகம் காட்டிவிட்டுப் போகிறவர்கள்

நான் வேலை பார்க்கும் சப்-ஸ்டேஷன் மூடிப்போன நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தைத் தாண்டி, சயனைடு மண்மேட்டின் ஓரத்தில் இருக்கிறது. ஒரு ஷிப்டுக்கு ஒரே ஆள். ஒரு மேசை, ஒரு போன், சுவர் நெடுக பிரேக்கர் பெட்டிகள், வெளியே நாளெல்லாம் முனகும் டிரான்ஸ்பார்மர். மணிக்கு ஒருமுறை கன்ட்ரோல் ரூமிலிருந்து எல்லாம் சரியா என்று கன்னடத்தில் கேட்பார்கள். சரி என்பேன். பேச்சு அவ்வளவுதான். மனைவிக்குப் பெங்களூரில் வேலை. அவள் ரயிலுக்கு ஓடும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன், அவள் திரும்பும்போது நான் ஷிப்டில் இருப்பேன். நாங்கள் பேசிக்கொள்வது பெரும்பாலும் சாப்பாட்டு டப்பா மூலமாகத்தான். கோபம் என்றால் அதில் உப்பு குறையும்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. லைன்மேன் கம்பத்தில் ஏறுமுன் எனக்குப் போன் செய்து லைன் கிளியர் கேட்பார். நான் அந்த லைனின் பிரேக்கரை இறக்கிக் கரண்டை நிறுத்தி, ஆள் வேலை செய்கிறார் என்ற பலகையை மாட்டுவேன். வேலை முடிந்ததும், வாங்கியவரே கூப்பிட்டு, ஆச்சு என்று சொல்லி அதைத் திருப்பித் தர வேண்டும். அவர் குரலைக் கேட்காமல், மந்திரியே வந்து நின்றாலும் நான் கரண்ட் போடக்கூடாது.

அந்தக் குரல்களில் ஒன்று எனக்கு நெருக்கம். ஊரிகத்துச் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டுக்காரன், என் வயசு, ஞாயிறு தவறாமல் கோயில் பாடற்குழுவில் பாடுகிறவன். “ஆச்சுப்பா, போடு” என்பான். போட்ட பிறகும் போனை வைக்க மாட்டான். இன்னைக்கு டப்பாவில் உப்பு இருக்கிறதா என்று விசாரிப்பான். அந்த அறையில் நான் சிரித்ததெல்லாம் அவனால்தான்.

போன வருஷம் மழை ஓய்ந்த சமயம், பேத்தமங்களா பக்கம் ஒரு வேலைக்கு லைன் கிளியர் வாங்கினான். நிறுத்தினேன், பலகை மாட்டினேன். திருப்பித் தர அவன் கூப்பிடவில்லை. அவனுடைய கேங் மேஸ்திரிதான் கூப்பிட்டார். அங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டரை லைனிலிருந்து பிரிக்காமல் ஓட்டியிருக்கிறார்கள். நான் நிறுத்தி வைத்திருந்த கம்பியில் அந்தக் கரண்ட் பின்பக்கமாக ஏறி அவனைக் கொன்றுவிட்டது.

என் மேல் தப்பில்லை என்று விசாரணை முடிந்தது. பார்க்கிறவர்களெல்லாம் அதையே ஆறுதலாகச் சொன்னார்கள். தப்பு யாருடையது என்று நான் கேட்கவே இல்லையே. அடுத்த முறை வேறொருவர் போனில் ஆச்சு என்றபோது, என் கை பிரேக்கர் வரை போய் நின்றுவிட்டது. வெறும் குரலை நம்ப முடியவில்லை. நேரில் வாங்க, முகத்தைப் பார்த்த பிறகுதான் போடுவேன் என்றேன்.

ஒவ்வொரு முறையும் இதே கதை. ஃபேன் ஓடாமல் வெந்துபோன ஜனங்கள் போனில் திட்டித் தீர்த்தார்கள். கரண்ட் போடாத ஆபரேட்டரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று கேட்டார் அதிகாரி. இப்படியே போனால் ஸ்டோரில் உட்கார வைத்துவிடுவதாகவும் சொன்னார். கேள்வி நியாயமானதுதான். எனக்கோ இதை விட்டால் வேறு வேலை தெரியாது.

ஆபீஸும் சும்மா இருக்கவில்லை. எங்கள் எல்லோரையும் ஒரு ஹாலில் உட்கார வைத்து, மனநல ஆலோசகர் ஒருவரைப் பெங்களூரிலிருந்து வரவழைத்தார்கள். நல்ல பெண்மணி. மனதில் இருப்பதைப் பேசுங்கள் என்று கன்னடத்தில் பொறுமையாகச் சொன்னார். எங்கள் ஊர் ஆண்களுக்கு அடிபட்ட இடத்தைக் காட்டத் தெரியும், பயத்தைச் சொல்லத் தெரியாது. மைன்ஸ் காலத்துப் பழக்கம். டீயும் வடையும் சாப்பிட்டுக் கலைந்தோம். எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்று அவர் தன் நம்பரைக் கொடுத்திருந்தார். வீட்டில் தனியாக இருக்கும்போது போனை எடுப்பேன், முதல் வார்த்தை கிடைக்காமல் வைத்துவிடுவேன்.

அதற்குப் பிறகு ஒரு மதியம், ஊரிகத்தில் வேலை முடிந்து மேஸ்திரி கூப்பிட்டார். நேரில் வரச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் போனை வைத்துவிட்டார். இன்று கதை முடிந்தது, அதிகாரியைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் பைக் சத்தம். அவர் மட்டுமல்ல, கேங் மொத்தமும் வந்து ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு ஜன்னலுக்குக் கீழே வெயிலில் நின்றது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பலகையைக் கழற்றி பிரேக்கரைப் போட்டேன். இந்த முறை கை பாதியில் நிற்கவில்லை.

சிரமம் கொடுத்துவிட்டேன் என்று சொல்லத்தான் வெளியே போனேன். மேஸ்திரி சொல்ல விடவில்லை.

“இன்னா தம்பி, எங்க மூஞ்சிய காட்டவா இம்மாந்தூரம் வந்தோம்? உன் மூஞ்சிய பாக்கத்தான் வந்தோம். அவன் போனதுலேர்ந்து நீ இந்த ரூம உட்டு வெளிய வந்து நாங்க பாக்கவே இல்ல.”

அங்கேயே நின்று அழுதேன். அழாதே என்று யாரும் சொல்லவில்லை. ஒருவர் தன் டப்பாவைத் திறந்து நீட்டினார், எலுமிச்சை சாதம். உப்பு சரியாக இருந்தது.

அதிலிருந்து என் ஷிப்டில் வேலை முடிந்தால் அவர்கள் வந்து நிற்கிறார்கள். பெட்ரோல் வீண் என்று அதிகாரி முனகுகிறார், ஸ்டோர் பேச்சை மட்டும் எடுப்பதில்லை. லைனில் கோளாறு இல்லாத நாளில் யாரும் வருவதில்லை. மணிக்கொருமுறை கன்ட்ரோல் ரூமுக்குச் சரி என்று சொல்லிவிட்டு, டிரான்ஸ்பார்மரைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இப்போதெல்லாம் போனில் குரலைக் கேட்டாலே என் கை தயங்காமல் பிரேக்கருக்குப் போகிறது. இதை மேஸ்திரியிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் வரமாட்டார்கள்.