மேஜை மேல் வைத்துப் பார்த்த மர அடுப்படி

கொள்முதல் விதி 14, உட்பிரிவு 3: ‘வாங்கவிருக்கும் பொருளின் மாதிரியை, அது பயன்படும் இடத்தில், பயன்படுத்துவோர் முன்னிலையில் சோதித்த பிறகே தேர்வு செய்ய வேண்டும்.’

இந்த விதியைத் தட்டச்சு செய்தவன் நான்தான். கொடைக்கானல் மலையில் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்குக் காப்பகங்கள் நடத்திய ஒரு சங்கத்தில் கொள்முதல் கண்காணிப்பாளராக இருந்தேன். சங்கத்தின் பெயர் வேண்டாம். இதில் தப்பு செய்தது சங்கம் இல்லை.

1. தேர்வு

காப்பகங்களுக்கு மரத்தால் ஆன விளையாட்டு அடுப்படி வாங்க வேண்டும் என்று தீர்மானம் வந்தது. மூன்று கொட்டேஷன், மூன்று சாம்பிள், எல்லாம் முறைப்படி. பண்ணைக்காட்டு ஆசாரி ஒருவர் குட்டையான பெட்டி போல ஒன்று செய்து கொண்டுவந்தார். மதுரை வியாபாரி அனுப்பியது நெட்டையானது. மேலே அலமாரி, நடுவில் குழாய், கீழே திறந்து மூடும் ஓவன் கதவு. மூன்றையும் கமிட்டி அறை மேஜை மேல் வரிசையாக வைத்தோம். குனிந்து பார்க்க யாருக்கும் இடுப்பு வளையவில்லை.

“இந்தக் குட்டை என்னங்க, கோழிக்கூடு மாதிரி கெடக்கு” என்றார் செயலாளர். “நெட்டையா இருக்குறதையே போடுங்க. போட்டோவுல நல்லா விழும்.”

மேஜை மேல் இருந்ததால் அதன் குழாய் எங்கள் முகத்துக்கு நேராக இருந்தது. எங்களுக்கு வசதியாகத்தான் இருந்தது. விளையாடப் போவது இரண்டு வயதுப் பிள்ளைகள் என்பது ஃபைலின் முதல் பக்கத்திலேயே இருந்தது. அந்தப் பக்கத்தை எழுதியதும் நான்தான்.

2. கடிதம்

மேல்மலைக் காப்பகம் ஒன்றின் பொறுப்பாளர் செலின். மிஷன் பள்ளியில் படித்தவர், பேச்சில் கூச்சம் கிடையாது. பொருளை வாங்கிப்போக ஜீப்பில் வந்தவர், சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

“சார், இதத் தரையில எறக்கி வச்சு யாராச்சும் பாத்தீங்களா?”

“பாக்காம வாங்குற ஆபீஸ் இல்லம்மா இது.”

“நீங்க பாத்திருப்பீங்க. பிள்ளைக பாக்கலையே.”

பத்து நாளில் அவரிடமிருந்து ஒரு வெள்ளைத்தாள் வந்தது. குழாய் எட்டாததால் பிள்ளைகள் ஓவன் கதவைத் திறந்து அதன்மேல் ஏறுகிறார்கள், அடுப்படி முன்னால் சாய்கிறது, சுவரோடு இறுக்க இரண்டு கிளாம்ப் அனுப்பவும் என்று எழுதியிருந்தார். கிளாம்ப் எங்கள் ஸ்டோரிலேயே இருந்தது. நான் ஓரத்தில் ‘உரிய படிவத்தில் கோரவும்’ என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். நகல் ஃபைலுக்குப் போனது.

அந்தப் படிவம் தீர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மறுபடி அச்சடிக்க வேண்டியவனும் நான்தான்.

3. மெமோ

அடுத்த மாதம் அந்த அடுப்படி ஒரு பெண் குழந்தை மேல் விழுந்தது. தாடை கிழிந்து தையல் போட்டார்கள். தோள்பட்டை எலும்பில் விரிசல். குழந்தை தேறிவிட்டாள். அது என் புண்ணியம் இல்லை.

செயலாளர் என்னைக் கூப்பிட்டார். “அந்தம்மா முன்னாடியே ஏதும் எழுதிக் குடுத்துச்சா?”

“முறையான கோரிக்கை எதுவும் வரல சார்.”

அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. முப்பது வருடம் வேலை பார்த்துக் கற்றுக்கொண்டது அதைத்தான்.

செலினுக்குக் கவனக்குறைவு என்று மெமோ போனது. வரைவு என்னுடையது. தன் கடிதத்தைப் பார்க்கும்படி அவர் விளக்கம் எழுதினார். ‘விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை’ என்று ஒரு வரிக் குறிப்பு வைத்தேன். செயலாளர் விளக்கத்தைப் படிக்கவில்லை, என் குறிப்பில் கையெழுத்துப் போட்டார். பணிப் பதிவேட்டில் கண்டனம் ஏறியது. மேற்பார்வையாளர் பதவி உயர்வுப் பட்டியலில் முதலாவதாக இருந்த செலினின் பெயர் அடிபட்டது. நான் சால்வை வாங்கிக்கொண்டு ஓய்வு பெற்றேன்.

4. கடை

போன டிசம்பரில் பேரனுக்கு விளையாட்டு அடுப்படி வாங்க மகள் என்னை ஏரிப் பக்கம் ஒரு கடைக்குக் கூட்டிப்போனாள்.

“பர்ச்சேஸ்லயே பழம் தின்னு கொட்டை போட்டவரு, நீங்களே சொல்லுங்கப்பா” என்று சொல்லிவிட்டு, எனக்குக் காத்திராமல் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். எதிரே இருந்த ஒன்றின் ஓவன் கதவைத் திறந்து உள்ளங்கையால் அழுத்தினாள். நெட்டையான அந்தச் சாமான் அவள் மடியில் சாய்ந்தது.

“செவுத்துல அடிச்சிரணுங்க்கா. அதுக்குத்தான் கிளாம்ப் கூடவே வருது” என்றாள் கடைப்பெண்.

அரை நிமிடச் சோதனை. எங்கள் கமிட்டி இரண்டு முறை கூடி டீ குடித்தது. “குட்டையா இருக்குறத எடும்மா” என்று மட்டும் சொன்னேன். மகள் என் முகத்தைப் பார்த்து, “குளுருதாப்பா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

மறுநாள் வெள்ளனே பஸ் ஏறி செலினின் காப்பகத்துக்குப் போனேன். அவர் கடிதத்தைச் செயலாளரிடம் நான் மறைத்ததைச் சொன்னேன். கையில் இருந்த பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே கேட்டார்.

“இப்பதான் மனசு வந்துச்சாக்கும்?”

“சங்கத்துக்கு எழுதித் தர்றேன். உங்க கடிதத்தோட இன்வர்டு நம்பர் வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கு.”

“இருக்கும் சார். இதுக்கு எந்தப் படிவம்?”

பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டு அவரே சொன்னார்: “எழுதுறதுன்னா வெரசா எழுதுங்க. மே முப்பத்தொண்ணோட எனக்கு சர்வீஸ் முடியுது. ஒரு நாளாச்சும் சூப்பர்வைசரா கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன்.”

5. பதில்

அன்றே எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கடிதத்தை மறைத்தது நான், கண்டனம் எனக்கு உரியது என்று எழுதினேன். பிறகு நினைவூட்டல் ஒன்று, நினைவூட்டல் இரண்டு. நேரில் போனபோது என் இடத்தில் இருந்தவர் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

“நீங்க போட்ட ரூல்தானே சார். கண்டனத்த நீக்கணும்னா கமிட்டி கூடணும். அஞ்சு பேர் இருந்தாத்தான் கோரம், கொறஞ்சா கூட்டம் செல்லாது.”

மார்ச்சில் நான்கு பேர் வந்தார்கள். ஏப்ரலில் மூன்று பேர்.

புதிதாக ஃபைல் பிடிக்க வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ‘முறையாக வரவில்லை’ என்று எழுதத் தோன்றினால், வந்ததை ஒரு முறை படித்துவிட்டு எழுதுங்கள். நான் படித்துவிட்டுத்தான் எழுதினேன் என்பதால், இதைச் சொல்லும் தகுதி எனக்குக் குறைவு.

கமிட்டி கடைசியில் கூடியது. கண்டனம் ரத்து, செலின் மேற்பார்வையாளர் பதவிக்குத் தகுதியானவர், உடனே பொறுப்பேற்கலாம் என்று உத்தரவு போட்டு எனக்கும் ஒரு நகல் அனுப்பியிருந்தார்கள். வாசகத்தில் ஒரு பிழை இல்லை. தபால்காரர் அதைக் கொண்டுவந்து கொடுத்தது ஜூன் பன்னிரண்டாம் தேதி.