சைக்கிளில் இல்லாத சத்தம்

பள்ளிக்கூடம் போகும் சதுப்பு நிலப் பாதையில் தினமும் என் சைக்கிள் 'டிக்... டிக்...' என்று சத்தம் போட்டது. பள்ளி வாசலில் நின்றுவிடும். மறுநாள் நாணலுக்குள் நுழைந்ததும் ஆரம்பித்துவிடும். நான் கணக்கு வாத்தியார். தான்சானியா என்று நாட்டுக்கே புதுப் பெயர் வைத்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. எண்ணெய் விட்டேன், பெடலை மாற்றினேன், மட்கார்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சேறு தெறித்த பேன்ட்டோடு பாடம் நடத்தினேன். சத்தம் போகவில்லை.

சைக்கிள் கடை ஜூமா மூன்று முறை பிரித்துப் பூட்டினார். நான்காம் முறை சதுப்பு வரை கூடவே வந்து, காது கொடுத்துக் கேட்டு, வானத்தைக் காட்டினார். "சி பைசிகெலி. ந்தெகே."

சைக்கிள் இல்லை, விமானம். வந்திறங்கிய அன்று விமான நிலையத்தில் நான் கற்ற முதல் சுவாஹிலி வார்த்தை ந்தெகே. 'சைக்கிள் வேண்டாம், விமானம் ஏறு' என்கிறார்! கடலூரில் நிரந்தர வேலையை விட்டுவிட்டு வந்தவன் நான். சிதம்பரத்தில் விருந்து நடுவில் மாமனார், "ஆறு மாசம் தாங்க மாட்டீங்க மாப்ள, அவுங்களே ப்ளேன் ஏத்தி அனுப்பிடுவாங்க" என்றபோது, ஆவேசத்தில் ரசத்தை மடியில் கவிழ்த்துக்கொண்டு சவால் விட்டவன். இது ஐந்தாம் மாதம்.

மறுநாள் கல்யாணக் கோட்டை மாட்டிக்கொண்டு தலைமையாசிரியரிடம், ஜூமா என்னை ஊருக்குத் திரும்பச் சொல்கிறார் என்று முறையிட்டேன். அவர் ஜூமாவையும் என்னையும் சதுப்புக்கே கூட்டிப்போய்ச் சைக்கிளைத் தரையில் படுக்க வைத்தார். படுத்த சைக்கிள் 'டிக்' என்றது. அண்ணாந்து பார்த்தேன். கட்டைவிரல் அளவுக் குருவி ஒன்று, அலகில் பூச்சியோடு, என் தலைக்கு மேலேயே துள்ளித் துள்ளிப் பறந்துகொண்டிருந்தது.

"குருவிக்கும் ந்தெகேதான் பெயர். பக்கத்தில் கூடு இருக்கிறது. உங்களைத் திட்டுகிறது" என்றார் தலைமையாசிரியர்.

ஜூமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "குருவியைப் பார்க்கவா கோட்டு?" என்று கேட்டுவிட்டு, சிரிப்புத் தாங்காமல் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் மன்னிப்புக் கேட்டுக் கை நீட்டினேன். அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கோட்டு பாழ். மறுநாளிலிருந்து மாணவர்கள் எனக்கு முழங்கையைச் சிறகு போல அடித்துப் பறந்து காட்டி வணக்கம் சொன்னார்கள்.

இரண்டு வருடம் கழித்து விடுமுறையில் வந்தபோது, மனைவியின் தம்பி சேகர் சிதம்பரம் பக்கம் குமராட்சியில் தன் வயலைக் காட்டினான். நெற்பயிருக்கு மேலே, 'டிக்... டிக்...'

"இதுவா மாமா? கதிர்க்குருவி. வயப்பக்கம் வந்திருந்தாத்தான தெரியும்! நீங்க கடலூர் டவுனு."

சட்டைப்பையிலிருந்து பேனாவையும் ஒரு காகிதத்தையும் எடுத்தேன். வரப்பிலேயே உட்கார்ந்து, உங்கள் குருவி இங்கேயும் இருக்கிறது என்று ஜூமாவுக்கு எழுதத் தொடங்கினேன்.

"யாருக்கு மாமா லெட்டரு?"

"ஊருக்கு" என்றேன், நிமிராமல்.

சேகர் குனிந்து என் முகத்தைப் பார்த்தான். "ஊர்லதான மாமா இருக்கீங்க?"