சாந்துச் சட்டியும் வீடியோ கேமராவும்

பிழைக்க ஊர்விட்டு வந்தவர்களின் அன்றாட வாழ்க்கையைப் படம் எடுப்பது என்பது, அன்றாடம் இருப்பதுபோல் இருக்கச் சொல்லிக் கெஞ்சும் தொழில். கேமராவோடு அடுத்தவர் வாழ்க்கைக்குள் மூக்கை நுழைத்துப் பாடுபட்டவர்களே, உங்களுக்குத் தெரியாததா! தொண்ணூறுகளின் கடைசியில், ஓர் ஆராய்ச்சிக்குப் படம் எடுக்கப் போய்த் திருவனந்தபுரத்தில் நான் பட்டது இது.

வழக்கம்போல இருங்கள்

பேரூர்க்கடையில் ஒரு கட்டட வேலை. சாந்துச் சட்டி சுமந்த பத்துப் பேரும் சங்கரன்கோவில் பக்கத்து ஆட்கள். "நாளைக்கு என்னை மறந்துட்டு எப்பவும்போல வேலை செய்யுங்க" என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டு வந்தேன். காலையில் போனால், பத்துப் பேரும் பவுடர் பூசி, கல்யாணத்துக்குப் போடும் சட்டையோடு சிமெண்ட் குழைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூத்தவரான செல்லத்துரை சமாதானப்படுத்தினார்: "படத்தை நாலு பேர் வீட்ல போட்டுப் பாப்பாங்கல்லா சார்? அழுக்குச் சட்டையோட அடுத்தவன் வீட்டுக்குள்ள எப்படிப் போக?"

ஐந்து நிமிட மேஸ்திரி

அடுத்த வாரம் செல்லத்துரை என்னைத் தனியே கூப்பிட்டார். அவர் தங்கைக்குச் சம்பந்தம் தகைகிற நேரம். பெண்ணின் அண்ணன் மேஸ்திரி என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லியாகிவிட்டது. பொய் தெரிந்தால் சம்பந்தம் போச்சு. ஆகவே படத்தில் அவர் டேப் பிடித்துச் சுவரை அளக்க வேண்டும், ஊருக்கு ஒரு கேசட்டும் வேண்டும். நான் ஆராய்ச்சி, நேர்மை என்று குதித்தேன். அதற்குள் அசல் மேஸ்திரியான மலையாளி சசியண்ணன், செல்லத்துரைக்குப் பதிலாகத் தன் தலையில் சும்மாடு வைத்துச் சட்டியைத் தூக்கிவிட்டார். "ஒரு பெண்ணோட கல்யாணமல்லே சாரே! உங்க உண்மையை மத்தியானம் எடுத்தா போரே? போதாதா?"

பேராசிரியர் பார்த்த வலி

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. கையில் மிஞ்சியது காலையில் எடுத்த அந்த ஐந்து நிமிட மேஸ்திரிப் படம்தான். ஆராய்ச்சிக்குத் தலைவரான பேராசிரியர், வலியசாலை அக்ரகாரத்துக்காரர், படத்தில் சட்டியோடு தள்ளாடும் சசியண்ணனைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சசியண்ணனோ பேரூர்க்கடையிலேயே பிறந்து வளர்ந்தவர். பேராசிரியர் உருகினார்: "இந்த முகத்தைப் பாருங்கோ. சொந்த மண்ணைப் பிரிஞ்ச வலி அப்படியே சொட்டறது!"

மாப்பிள்ளை வந்தார்

கேசட் ஊருக்குப் போயிற்று, நிச்சயதார்த்தம் முடிந்தது. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, மேஸ்திரி மச்சானிடம் வேலை கேட்டு மாப்பிள்ளையே பையோடு கட்டடத்துக்கு வந்து நின்றார். செல்லத்துரை தலையில் சாந்துச் சட்டி. இறக்கவும் முடியவில்லை, மறைக்கவும் முடியவில்லை. தங்கை கல்யாணம் நின்றது என்றே நினைத்தேன். கேமராவைக் கீழே இறக்கினேன். மாப்பிள்ளை அவரை மேலும் கீழும் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "மேஸ்திரியே சட்டி சுமக்கிற அளவுக்கா இங்க ஆள் தட்டுப்பாடு? அப்ப எனக்கு வேலை நிச்சயம், மச்சான்!"

ஜனங்கள் ஊரை விட்டு ஏன் கிளம்புகிறார்கள் என்று படம் எடுக்கப் போய், இன்னும் ஒருவரைக் கிளப்பிவிட்டு வந்ததுதான் என் ஆராய்ச்சி கண்ட பலன்.